தொட்டால் அழியும் நீலம்

நம்பினால் நம்புங்கள், மலைமேல் ஒரு மரநிழலில் நடந்தது இது. அங்கே ஒரு ஹோஸ்டாச் செடிக்கு நீலப்பச்சை இலைகள். அந்த நீலம் திராட்சைமேல் படிந்திருக்கும் பூச்சு மாதிரி. விரல் பட்டாலே அழிந்து வெறும் பச்சையாகிவிடும். அந்தப் பயத்தில் செடி காற்றுக்குக்கூட அசையாது.

மழை விட்ட ஒரு மாலையில், ஓடில்லாத நத்தை ஒன்று அதன் தண்டில் ஏறியது.

"ஐயோ, உதறுடி! உன்னைத் தின்னுடும்!" என்று பக்கத்துப் பெரணிச் செடி அலறியது.

"உதறினா இலையோட இலை உரசுமே அக்கா!" என்று ஹோஸ்டா கெஞ்சியது. "நத்தையண்ணே, இலைமேல ஊர்ந்துடாதீங்க, நீலம் அழிஞ்சிடும்!"

"ஊரவே மாட்டேன் தாயி. ஓரத்திலிருந்து கடிச்சுக்கிட்டே வர்றேன்," என்றது நத்தை.

விடிந்தபோது நகமளவு இலைதான் மிச்சம்.

"அக்கா," என்று ஹோஸ்டா பயந்து பயந்து கேட்டது, "நீலம் அப்படியேதானே இருக்கு?"