நாலு பேருக்கு மேல் கூடாது

"உங்கள்ல ரெண்டாவதா கழிப்பறைக்குப் போனது யாரு?"

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து வந்த இந்தக் கேள்வியில், ஃபிர்மின் கையிலிருந்த காப்பி அவருடைய கிறிஸ்துமஸ் ஸ்வெட்டரில் கொட்டியது.

எட்டிப் பார்த்தார். பக்கத்து வீட்டுக் கோதலீவ் அம்மாளின் தோட்டத்தில், தூறலுக்கு விரித்த பெரிய குடையின் கீழே அந்த அம்மாளும் வளர்ந்த பிள்ளைகள் மூன்று பேரும் ஒன்றரை மீட்டர் இடைவெளி விட்டு, கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தார்கள். எதிரே தொப்பியும் முகக்கவசமுமாக ஓர் இளம் போலீஸ்காரர். கையில் நோட்டுப் புத்தகம்.

"புகார் வந்திருக்கு மேடம். தோட்டத்துல மொத்தம் நாலு பேர் இருக்கலாம். அது சரியாத்தான் இருக்கு. ஆனா விருந்தாளிங்கள்ல ஒருத்தர்தான் வீட்டுக்குள்ள போய்க் கழிப்பறையைப் பயன்படுத்தலாம். ரெண்டு பேர் போனதா தகவல்."

மூத்த மகள் மார்லீன் கம்பளியால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. பாவம், அழுகிறாள் என்று ஃபிர்மினுக்கு நெஞ்சு பதைத்தது.

அதைவிடப் பெரிய பதைப்பு ஒன்று இருந்தது. நேற்றுதான் இதே வேலியோரம் நின்று, "நாளைக்கு உங்க வீட்டுக் கழிப்பறைக்கு யார் யார் போறாங்கன்னு ஜன்னல்ல உட்கார்ந்து எண்ணப்போறேன்!" என்று அந்த அம்மாளிடம் ஜோக் அடித்திருந்தார். அவர் அடிக்கும் ஜோக்குகளுக்கு இதே வழக்கம்தான். மற்றவர்கள் சிரிப்பதற்குள் அவரையே திரும்ப வந்து கடித்துவிடும்.

மார்ச் மாதம், ஊரடங்கு வந்த அதே வாரத்தில் இந்தத் தெருவுக்குக் குடிவந்தவர் ஃபிர்மின். ஒரு முகமும் பழக்கமில்லை. ஞாயிறுதோறும் கோதலீவ் வேலிக்கு மேலாக நீட்டும் ஒரு கிண்ணம் சூப்பும், கூடவே வரும் பத்து நிமிடப் பேச்சும்தான் ஒன்பது மாதமாக அவருக்கு வாய்த்த மனிதத் துணை. போலீஸுக்குப் போட்டுக்கொடுத்தது இவர்தான் என்று அந்த அம்மாள் நினைத்துவிட்டால்? சூப் போனால் போகட்டும். பேச்சு?

வீட்டுச் செருப்போடு ஈரப் புல்லில் வேலியை நோக்கி ஓடினார்.

"ஏன் தம்பி, வெக்கமா இல்ல உனக்கு? இத்தனூண்டு பெல்ஜியத்துக்குச் சுகாதார மந்திரி மட்டும் ஒன்பது பேரு! மார்ச்ல ஆளுக்கொரு முகக்கவசம் குடுக்க ஒருத்தருக்கும் துப்பில்ல. டெஸ்ட் முடிவு எப்ப வரும், எப்ப வரும்னு காத்திருந்தே எனக்குச் சளி சரியாப் போச்சு. ஒன்பது பேரும் கூடி உட்கார்ந்து யோசிச்சு, கடைசியில எண்ண ஆரம்பிச்சது இதைத்தானா?"

"சட்டம் நான் போடல ஐயா."

"நோட்டைத் தூக்கிட்டு வந்தது நீதானே? கிறிஸ்துமஸ் அன்னைக்கு! உங்க ஸ்டேஷன்ல இரக்கம் உள்ள ஆள் வேற யாருமே கிடைக்கலையா?"

"இன்னைக்கு டூட்டியில நான் ஒருத்தன்தான் ஐயா."

ஃபிர்மின் மூச்சை இழுத்துப் பிடித்தார். "சரி. எழுதிக்கோ. ரெண்டாவதா போனது நான்தான். அபராதத்தை என் பேர்ல போடு."

"நீங்க வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கீங்களே?"

"தாண்டிப் போனேன்."

போலீஸ்காரர் மார்பளவு வேலியைப் பார்த்தார். ஃபிர்மினின் தொப்பையைப் பார்த்தார். மறுபடியும் வேலியைப் பார்த்தார். மார்லீனின் கம்பளிக்குள்ளிருந்து ஏதோ விக்கல் போலக் கேட்டது.

"எழுதிக்கிட்டேன். கொஞ்சம் சிக்கலான வழக்கா இருக்கு, உட்கார்ந்துதான் விசாரிக்கணும்" என்று ஓரத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கோதலீவ் சட்டியிலிருந்து தக்காளி சூப்பை ஊற்றி, கிண்ணத்தை மேசையின் கோடியில் வைத்துவிட்டு, ஒன்றரை மீட்டர் பின்வாங்கி நின்றார். அதில் விழுந்த கறி உருண்டைகளை ஃபிர்மின் எண்ணினார். ஏழு! தனக்கு எப்போதும் நாலுதான். லஞ்சம் என்பது இப்படித்தான் ஆரம்பிக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

போலீஸ்காரர் முகக்கவசத்தை இறக்கி, கடைசிச் சொட்டு வரை நிதானமாகக் குடித்தார். அது முடியும் வரை அந்த அம்மாள் அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"போதிய ஆதாரம் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தார். தோட்டத்து வாசலில் திரும்பி ஒரு சல்யூட் வைத்தார். ஒரு சல்யூட்டுக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. பிறகு வண்டி கிளம்பிப் போயிற்று.

கோதலீவ் இன்னொரு கிண்ணத்தோடு வேலிக்கு வந்தார். கண் இமையெல்லாம் ஈரம்.

"சத்தியமா நான் போன் பண்ணலம்மா" என்றார் ஃபிர்மின். "நேத்து சொன்னது சும்மா ஜோக்குக்கு..."

"தெரியுமே. போன் பண்ணது நான்தான்."

ஃபிர்மின் வண்டி போன திசையைப் பார்த்தார்.

"எனக்குப் புள்ளைங்க நாலு ஃபிர்மின். சட்டப்படி தோட்டத்துல என்னையும் சேர்த்து நாலு பேருக்குத்தான் இடம். டூட்டியில வர்ற போலீஸ்காரனை விருந்தாளியா எண்ணணும்னு உங்க ஒன்பது மந்திரியில ஒருத்தருக்கும் தோணல."

கிண்ணத்தை நீட்டினார். அதிலும் ஏழு உருண்டைகள் இருந்தன.

"புது வருஷத்துக்கும் என் கடைக்குட்டிக்கு டூட்டியாம். ஒரே நம்பர்லேர்ந்து புகார் போனா சந்தேகம் வரும். அன்னைக்கு நீங்க போன் பண்ணிடுங்க."