தேர்வானவன்

பாகலூர் கல்யாண மண்டபத்தில் நடந்த சினிமா ஆடிஷனுக்கு, ஓசூர் கம்பெனியில் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள் சத்யப்ரியா. அவளுக்கு முன்னால் உள்ளே போன நிர்மல் என்ற பையன் அழுதுகொண்டே வெளியே ஓடிவந்தான்.

“அம்மா, ஹீரோவுக்குத் தம்பியா எடுத்துட்டாங்கம்மா!”

போனில் அவன் கத்தியதைக் கேட்டு வரிசையே கைதட்டியது. சத்யப்ரியாவுக்கும் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

அவள் முறை வந்தது. “முகம் நல்லாருக்கும்மா. எங்ககிட்டயே பணம் கட்டி மூணு மாசம் பயிற்சி எடுத்தா, அந்தப் பையன் மாதிரி நீயும் வந்துடலாம்” என்றார்கள்.

மறுநாளே வேலையை விட்டுவிட்டுப் பயிற்சியில் சேர்ந்தாள். முடிந்ததும், கிருஷ்ணகிரியில் நடக்கும் அடுத்த ஆடிஷனுக்கு வரச் சொன்னார்கள்.

அங்கே அவள் வரிசையில் நிற்கும்போது, உள்ளேயிருந்து ஒருவன் அழுதுகொண்டே ஓடிவந்தான்.

“அம்மா, ஹீரோவுக்குத் தம்பியா எடுத்துட்டாங்கம்மா!”

அதே நிர்மல்.

மாடிப்படிக்குக் கீழே அவனை மடக்கினாள். “எல்லாம் பொய்யா? உன்னைப் பாத்துத்தானே நான் வேலையை விட்டேன்!”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். “நாலு வருஷமா ஏறாத ஆபீஸ் இல்லீங்க. எனக்குக் கெடச்ச ஒரே வேஷம் இதுதான்.”

அவள் பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தாள். அவன் பின்னாலேயே வந்து, தயங்கித் தயங்கிக் கேட்டான்.

“அன்னிக்கு நான் அழுதப்ப... நெசம்னே நம்பிட்டீங்களா?”

“நானும் சேர்ந்து அழுதேன்டா, பாவி!”

நிர்மலின் முகம் பூரித்துப் போனது. அது மட்டும் நடிப்பில்லை.