பனியை உடைத்த கால்

பனி உருகும் மேட்டில் செத்துப்போன தன் ஆடுகளின் தோலை உரித்துக்கொண்டிருந்த ஓமுர்ஸாக், கத்தியை வைத்துவிட்டு, குதிரைக்காரன் பெக்தூருடைய குதிரையின் கீறல் விழுந்த காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொள்கிறான். மழை பெய்து புல்மேல் பாறையாக உறைந்துபோகும் வருஷங்களில் குதிரைக்காரன் முன்னே போவான். ஆடுகளால் உடைக்க முடியாத பனியைக் குதிரைக் குளம்புகள் உடைக்க, பின்னே ஊர் ஆடுகள் மேயும். பாட்டன் காலத்திலிருந்து அப்படித்தான். இந்த வருஷம் புல் உறைந்ததும் பெக்தூர் விடியுமுன்னே தன் குதிரைகளை மட்டும் மறுசரிவுக்கு ஓட்டிப்போய்விட்டான். ஓமுர்ஸாக் ஆட்டுக் கம்பளியைக் கிழித்துக் காயத்தில் சுற்றுகிறான். “பாவம், எவ்வளவு பனிய ஒடச்சிருக்கு.” பெக்தூர் கடிவாளத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஓமுர்ஸாக் முடிச்சை இறுக்குகிறான். “அடுத்த பனிக்குள்ள ஆறிடும், தம்பி. அப்ப எங்கிட்ட ஆடு இருந்தா, பின்னாடியே ஓட்டிட்டு வர்றேன்.”