சாயம் ஏறிய அறிவித்தல்

"இது காணாது மிஸ். டஸ்ட் தூள் இன்னும் ரெண்டு கரண்டி போடுங்க. அப்பத்தான் காயிதத்துல சாயம் பிடிக்கும்" என்றாள் பின்கதவுக்கு வெளியே நின்ற சிவசக்தி. பூனாகலைத் தோட்டத்துப் பெண்ணுக்குத் தேயிலையைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பதுளையில் ஓர் அரசாங்கக் கந்தோர். அதன் குசினியில் கிளார்க் றிப்னா, பேசின் நிறையத் தேத்தண்ணி ஊற்றி ஒரு தாளை ஊறவைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளைக்காரன் காலத்துப் பொது அறிவித்தல்களைக் கண்காட்சியாக வைக்கும்படி மேலிடத்து உத்தரவு.

அசல்களையெல்லாம் கறையான் எப்போதோ தின்று முடித்திருந்தது. அதனால் ஒரு பழைய புத்தகத்தைப் பார்த்து டைப் அடித்து, தேயிலைச் சாயத்தில் முக்கி, அடுப்பங்கரையில் காயப்போட்டுச் சரித்திரம் தயாராகிக்கொண்டிருந்தது.

"புத்தகத்துல பதினொண்ணுதான் கிடைச்சிச்சு. பன்னிரண்டு வேணுமாம்" என்றாள் றிப்னா.

"அப்ப இது மிஸ்?"

"இது இங்கயே இருந்துச்சு தங்கச்சி. நீங்க போய் உங்கட வேலையப் பாருங்க."

சிவசக்தியின் வேலை ஒரே ஒரு கையெழுத்துதான். உதவி ஆசிரியர் பதவிக்கான விண்ணப்பம் இன்று பின்னேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். அதற்கு வதிவிடக் கடிதம் வேண்டும். இதோடு மூன்றாவது தடவை வந்துவிட்டாள். ஒவ்வொரு தடவையும் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் கடிதத்தோடு வரச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்.

துரை கொழும்புக்குப் போய் மூன்று கிழமை. பிறந்ததிலிருந்து இருபத்தாறு வருடமாக அதே லயத்து வரிசை வீட்டில் இருப்பவள் அங்கேதான் இருக்கிறாள் என்பதற்கு, அங்கே இல்லாத துரை சாட்சி சொல்ல வேண்டுமாம்.

முன்பக்க விறாந்தையில் போய் நின்றாள். கந்தோருக்குப் பெரியவரான நல்லையா, அறிவித்தல் போடுவதில் எந்த வெள்ளைக்காரனுக்கும் சளைத்தவரல்ல. போன மாதம் மட்டும் இருபத்திரண்டு. விறாந்தைப் பலகையில் இடம் போதாமல் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தது. நடுவில் ஓரிடத்தில் மட்டும் தாள் இல்லை, நாலு குண்டூசிதான் இருந்தது.

பத்தரைக்கு விருந்தாளிகள் வந்தார்கள். கெமராவும் வந்தது. நல்லையா ஒவ்வொரு கண்ணாடிச் சட்டமாகக் காட்டி, அந்தக் காலத்து அநியாயங்களை விளக்கிக்கொண்டே வந்தார். பன்னிரண்டாவது சட்டத்தின் முன்னால் நின்றதும் குரலை உயர்த்தினார்.

"கேளுங்க! 'இதனால் சகலருக்கும் அறியத் தருவதாவது. தோட்ட லயங்களில் வசிப்போர், துரையின் கடிதமின்றி எக்காரியத்துக்காகவும் இக்கந்தோருக்குள் வரலாகாது. அன்னார் வெளி விறாந்தையிலேயே நிற்றல் வேண்டும்.' மனுசன மனுசனா மதிச்சானா வெள்ளக்காரன்?"

விருந்தாளிகள் 'ச்சொ' கொட்டினார்கள். தாளின் அடிப்பகுதியில் '1887' என்று அச்சடித்த அட்டை ஒட்டியிருந்தது. ஒரு பெரிய மனிதர் அதை உற்றுப் பார்த்து, "என்ன பழமை!" என்று வியந்தார்.

நல்லையாவுக்கு உணர்ச்சி பொங்கிவிட்டது. "நானும் லயத்துல பிறந்தவன்தான். எங்க ஆளுங்க கூனிக் குறுகி நின்ன காலம் முடிஞ்சு போச்சு. றிப்னா, அந்தச் சிவப்புப் பேனையக் கொண்டுவாங்க!"

கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, தாளின் குறுக்கே பெரிய கோடு போட்டார். 'ரத்துச் செய்யப்பட்டது' என்று எழுதி, கையெழுத்து வைத்து, திகதியும் போட்டார். கந்தோர் முத்திரையையும் வரவழைத்து ஓங்கிக் குத்தினார். கைதட்டலில் கூரைத் தகரம் அதிர்ந்தது.

அந்தக் கைதட்டலுக்குள் சிவசக்தி விறாந்தையைத் தாண்டி உள்ளே வந்துவிட்டாள். கையெழுத்து வைக்க வேண்டிய கடிதத்தை நீட்டினாள்.

"சேர், வதிவிடக் கடிதம். இன்னைக்குத்தான் கடைசி நாள்."

நல்லையா கெமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "துரை கடிதம் எங்கம்மா?"

"அது வேணாம்னு இப்பத்தானே சேர் கோடு போட்டீங்க?"

"ஐயோ அம்மா, அது 1887! இப்ப நம்ம அறிவித்தல் வேற இருக்கு. போன மாசமே போட்டாச்சு. வெளிய பலகையில போய் வாசிச்சுப் பாருங்க."

"பாத்தேங்க சேர். பலகையில இல்லீங்க."

"இல்லையா? றிப்னா! எங்க அந்த அறிவித்தல்?"

றிப்னா அவசரப்படவில்லை. சட்டத்தின் பக்கம் போய், '1887' அட்டையின் ஓரத்தை நகத்தால் கிளப்பி மெதுவாக உரித்தாள். அடியில் போன மாதத்துத் திகதி. அதன் கீழே, எவ்வளவு தேயிலைக்கும் அசைந்து கொடுக்காத நீலப் பேனையில், நல்லையாவின் கையெழுத்து. கெமராக்காரர் ஓர் எட்டு முன்னால் வந்தார்.

"அதத்தான் இப்ப ரத்துச் செஞ்சீங்க, சேர்."