உடும்பு அனுப்பிய வீடியோ

மலைக் கல்லூரியின் கபடி அணியில் உடும்புக்கு ஒரு வருஷமாகப் பெஞ்சில்தான் இடம். ஆற்றங்கரைக் கல்லூரிக்கு மாறிவிடலாம் என்று நினைத்து, விளம்பரத்தில் கெட்டிக்காரி என்று பேர் வாங்கிய மைனாவிடம் போனது.

"நான் ஆடின வீடியோவை அனுப்பட்டுமா அக்கா?"

"நீ ஆடினது யாருக்கு வேணும்? பார்க்கிறவன் வாயைப் பிளக்கணும்!"

மைனா அதைப் பாறையிலிருந்து இருபது தடவை குதிக்க வைத்துப் படம் பிடித்தது. தவில் ஓசையைச் சேர்த்து, 'பறக்கும் புயல்' என்று பேரும் வைத்தது. வீடியோவைப் பார்த்ததும் உடும்புக்கே தன்மேல் மரியாதை வந்துவிட்டது.

ஆற்றங்கரைக் கோச்சான காட்டெருமை உடனே கூப்பிட்டனுப்பினார்.

"எங்கே, பற பார்ப்போம்."

உடும்பு ஓடிவந்து எம்பியது. கோட்டைத் தொடுமுன்பே வயிறு தரையில் மோத, மைதானமே சிரித்தது.

"சரி, நீ கிளம்பு" என்று கோச் திரும்பி நடந்தார்.

மறுபடியும் அந்தப் பெஞ்சா? உடும்பு பாய்ந்துபோய் அவர் பின்னங்காலைக் கட்டிக்கொண்டது. அவர் உதறினார், மைதானத்தைச் சுற்றி ஓடினார், ஆறு பேர் உடும்பின் வாலைப் பிடித்து இழுத்தார்கள். உடும்பு அசையவில்லை.

"அடேய், இதை ஏன் வீடியோவில போடலை?" என்றார் கோச், மூச்சு வாங்க.

"பார்க்க லட்சணமா இருக்காதுன்னு மைனா அக்கா சொன்னாங்க, சார்."

"உனக்கு இடம் கொடுத்தாச்சு. காலை விடு."

"கையெழுத்துப் போட்டதும் விட்டுடறேன், சார்."