நாலு சொட்டு எண்ணெய்

முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது வாயில்.

அடித்தது காற்றடிக்கும் பம்ப்பால். கொட்டும் மழையில், நடுத்தெருவில், ஸ்டானிஸ்லாஸ் தன் மனைவி சிலுவையக்காவை அடித்துக்கொண்டிருந்தான். காலை எட்டு மணி. காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் வேலைக்கு அவன் கிளம்புகிற நேரம்.

"செயினு துரு புட்சி கத்திகினு கீது. நாலு சொட்டு எண்ணெ வுடறதுக்கு உனுக்கு இன்னாடி நோவு?"

இரண்டு வீடு தள்ளி சைக்கிள் கடை வைத்திருக்கிற எனக்கும் அதே கேள்விதான் இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் இருந்தது.

ராயபுரத்துக் கடல் காற்றில், மழை மாதத்தில், ஒரு சைக்கிளைக் காப்பாற்றுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. தினமும் துடைக்க வேண்டும். அது அக்காவின் வேலை என்று அவன் சொல்லிவிட்டான். அக்காவும் குறை வைக்கவில்லை. ஸ்போக்ஸை ஒவ்வொன்றாகத் துடைப்பாள். மட்கார்டில் தேங்காய் எண்ணெய் பூசுவாள். சீட்டுக்குக் கேரி பேக் மாட்டுவாள்.

செயினை மட்டும் தொடமாட்டாள்.

போன வாரம் நானே ஒரு டப்பா ஆயில் கொடுத்தேன். அவள் வீட்டு ஜன்னலில் அப்படியே இருக்கிறது. திமிர் என்றுதான் நினைத்தேன்.

மூன்றாவது அடிக்குக் கை ஓங்கினான். போன மழைக்கு, மகள் மகிமாவின் மணிக்கட்டை உடைத்த கை. வேலையிலிருந்து வந்த வேகத்தில், காரணமே இல்லாமல், கையில் கிடைத்த பிள்ளையை அடித்தான். அரைப் பரீட்சையை அது இடது கையால் எழுதியது.

அதற்குப் பிறகுதான் சாயங்காலமானால் என் கடைக்கு ஓடி வந்துவிடும். டயர்கள் தொங்குகிற மறைவில், உள் பெஞ்சில் புத்தகத்தோடு உட்கார்ந்துகொள்ளும். அவன் குடித்துவிட்டுச் சாய்ந்த பிறகு வீட்டுக்குப் போகும். அவன் ஒரு நாள் ஐந்து மணிக்கு வருவான், ஒரு நாள் எட்டு மணிக்கு. அது வந்து உட்கார்ந்த இரண்டாவது நிமிஷம் அவன் சைக்கிள் கிறீச்சிட்டுக்கொண்டு கடையைத் தாண்டும்.

நான் ஓடிப்போய் அவனைத் தள்ளினேன். என் முதுகிலும் ஒன்று விழுந்தது. பம்ப்பைப் பிடுங்க முடியவில்லை. சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டு கடைக்கு வந்தேன்.

அக்கா வாயைப் பொத்தியபடி என் பின்னாலேயே வந்தாள். விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது.

"வாணாம் நெல்சா. அத்த அப்டியே வுட்டுடு."

பயத்தில் உளறுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கோ ஆத்திரம். அந்த ஆத்திரத்தோடேயே செயினைக் கழற்றி, மண்ணெண்ணெயில் முக்கி, பிரஷ் போட்டுத் தேய்த்து, கண்ணி கண்ணியாக எண்ணெய் விட்டேன். மாட்டிப் பெடலைச் சுற்றினேன். ஒரு முனகல்கூட இல்லை.

சைக்கிளை வாங்க வந்த ஸ்டானிஸ்லாஸ் அவள் காலடியில் காறித் துப்பிவிட்டு ஏறிப் போனான்.

அக்கா அந்தச் செயினையே பார்த்துக்கொண்டு நின்றாள். இனி இந்தக் காரணத்துக்கு அவள் அடிபட மாட்டாள். எனக்கு மனசு நிறைந்திருந்தது.

சாயங்காலமும் மழை விடவில்லை. ஒரு டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். நிழலாடியதும் தலையைத் தூக்கினேன். ஸ்டானிஸ்லாஸ் முனையில் திரும்பி, கடையைத் தாண்டி, தன் வீட்டு வாசலுக்கே போய்விட்டிருந்தான். ஒரு பொட்டுச் சத்தம் இல்லை.

என் கைவேலையை நானே மெச்சிக்கொண்டேன்.

அப்புறம்தான் உள்ளே திரும்பிப் பார்த்தேன். பெஞ்சு காலியாக இருந்தது.

முனையில் அந்தக் கிறீச் கேட்டால்தானே அந்தப் பிள்ளை ஓடி வரும்.

அவன் வீட்டுக் கதவை உள்ளிருந்து தாழ் போடுகிற சத்தம் கேட்டது.