கூடைக்குப் பின்னால் ஒரு பை

மொழிபெயர்ப்பு என்னும் மூடுபனியைத் தாண்டி, 'குயிலி முடைந்த கூடை' என்ற மூன்று சொற்கள் ஆங்கிலத்துக்குள் நுழைந்தன.

"இங்கே கூடைதான் முன்னால. முடைந்த அக்கா, நீங்க பின்னால வாங்க," என்றது வாசலில் நின்ற குட்டிச் சொல்.

பிறந்தது முதல் தான் விவரிக்கும் பெயருக்குப் பின்னால் நடந்தறியாத அந்தப் பெயரெச்சம், முகத்தைச் சுளித்துக்கொண்டே இடம் மாறியது. திரும்பிப் பார்த்தால் குயிலியைக் காணோம்.

"ஐயோ, முடைந்தவளே இல்லாமல் நான் எதற்கு?"

"என் கையைப் பிடிங்க அக்கா," என்றது குட்டிச் சொல்.

"நீ யாரு?"

"இந்த ஊர்ல என்னை 'பை' (by)ன்னு கூப்பிடுவாங்க, உங்க ஊர் 'ஆல்' மாதிரி."

"கூடையே இருக்கும்போது பை எதுக்காம்!" என்று கூடை சிரித்தது.

'முடைந்த' சிரிக்கவில்லை, தயங்கித் தயங்கிக் கையை நீட்டியது. பை மெல்ல வாயைத் திறந்தது. உள்ளே பத்திரமாக உட்கார்ந்திருந்தாள் குயிலி.